கோதுமை நொய்க்கு வந்த விசாரணை

செம்பூரில் என் கணவர் வேலை பார்த்த இரும்புப் பட்டறை தீப்பிடித்து மூடப்பட்டபோது நாங்கள் தாராவிக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மூத்தவளுக்கு நான்கு வயது. இளையவன் தவழ்ந்துகொண்டிருந்தான். ரேஷனில் அரிசியைக் குறைத்து, வெளிநாட்டுச் சிவப்புச் சோளம் போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அதை வாங்கவும் எங்களிடம் வழியில்லை. கணவர் காலையில் கூலி வேலை தேடி மான்குர்த் பக்கம் போவார். பெரும்பாலும் வெறும் கையோடு திரும்புவார்.

பின்வீட்டு மைனிதான் மாதுங்காவில் ஒரு மாதர் சங்கம் சனிக்கிழமைதோறும் கோதுமை நொய்யும் பால் பவுடரும் எண்ணெயும் கொடுப்பதாகச் சொன்னாள். நான் நடந்தே போய்ப் பெயர் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் தருவோம் என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் குடையும் நோட்டும். சாக்கடையைத் தாண்டிச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தவரைப் பாயில் உட்காரச் சொன்னேன். அவர் கேள்விகளை ஆரம்பிக்குமுன் பின்வாசல் வழியாக மைனி வீட்டுக்கு ஓடினேன்.

"மைனி, மாதுங்காவுலேருந்து வந்திருக்காவ. குடுக்கதுக்கு ஒண்ணுமில்ல."

"சாயா போடுளா."

"அவிய காப்பிதான குடிப்பாவ."

காப்பித்தூள் மைனி வீட்டில் இல்லை. இரண்டு வீடு தள்ளிக் கிடைத்தது. சீனி மைனி கொடுத்தாள். பால், கைக்குழந்தை இருந்த இன்னொரு வீட்டிலிருந்து அரை தம்ளர். அந்த அம்மாள் குடித்துவிட்டு, "பேஷ், நன்னாருக்கு" என்றார். நோட்டில் ஏதோ எழுதினார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது.

சனிக்கிழமை வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். பட்டியலில் என் பெயர் இல்லை. அந்த அம்மாள் மேஜைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"உங்காத்துல காப்பியே போடறேளே. ஒரு வேளைக் கஞ்சிக்கே இல்லாதவா எத்தனையோ பேர் இருக்கா. அவாளுக்குத்தானே முதல்ல கொடுக்கணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் விளக்குவது போலச் சொன்னார்.

"அது எங்க வீட்டுக் காப்பி இல்லம்மா" என்றேன். "தூளு ஒரு வீடு, சீனி ஒரு வீடு, பாலு இன்னொரு வீடு. வாங்கிட்டு வந்து போட்டேன்."

"பின்னே எதுக்குப் போட்டே?"

"வெயில்ல வந்திருந்திய. வெறுந்தண்ணியக் குடுத்தா அனுப்ப முடியும்?"

அவர் பட்டியலை இழுத்துப் பேனாவை எடுத்தார். பக்கத்திலிருந்த பெண் மறுபடி பார்க்காமல் பெயர் சேர்க்கக்கூடாது என்றாள். "புதன்கிழமை வரேன்" என்றார் அந்த அம்மாள். "ஒண்ணும் போடப்படாது, கேட்டியா?"

அந்தச் சனிக்கிழமை வெறுங்கையோடு திரும்பினேன். இடைப்பட்ட நாட்களில் மைனி வீட்டுக் கஞ்சிதான்.

புதன்கிழமை வந்தார். இந்த முறை உட்காரவில்லை. டப்பாக்களைத் திறந்து காட்டச் சொன்னார். ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில் கல்லுப்பு, ஒன்றில் கொஞ்சம் புளி. மற்றவை காலி. மூன்றாவது டப்பாவுக்கு மேல் அவர் பார்க்க விரும்பவில்லை. நான்தான் நிறுத்தாமல் கடைசிவரை திறந்து காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவமானம் என்று சொல்லலாம். கொஞ்சம் வீம்பும் இருந்தது.

"போறும்மா" என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை முதல் நொய் கிடைத்தது. வறுத்து உப்புமா கிளறினால் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பால் பவுடர் சின்னவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றால் போனதும் நிறுத்திவிட்டுப் பெரியவளுக்கு மட்டும் கரைத்துக் கொடுத்தேன். கணவர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்துவிடுவார். ஒரே ஒரு வாரம், எனக்குக் காய்ச்சல் என்று கூட வந்தார். உள்ளே வரவில்லை. எதிர்ச்சாரி மரத்தடியில் நின்று, நான் வெளியே வந்ததும் பையை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

ஒன்பது வாரம் வாங்கினோம். பிறகு டிராம்பே பக்கம் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. அந்த வாரம் நான் மாதுங்கா போகவில்லை. போய் இனி வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் அந்தப் பங்குக்குக் காத்திருந்தவர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் போகவில்லை.