தங்க மீன் மேல் வெட்டிய பேர்

போன வாரம் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய பேனாக்கள் சேர்ப்பவர். காபி கொடுத்த கையோடு ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டினார். கருப்புப் பேனா, உடம்பெல்லாம் தங்கப்பொடியில் வரைந்த நாணல். ஜப்பான்காரர்கள் அரக்குப் பூசிக் கையால் வரைவது. "இதுல இங்க்கே ஊத்தினதில்ல சார், ஊத்தினா வேல்யூ போயிடும்" என்றார் பெருமையாக. எனக்குச் சுர்ரென்று ஏறியது. காபி நன்றாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

பாவம், அவர் மேல் தப்பில்லை. அந்தக் கோபம் தொண்ணூறுகளிலிருந்து என்னோடு வருகிறது.

அப்போது தொம்மலூர்ப் பக்கம் ஒரு மெஷின் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆம்பூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி முழித்துக்கொண்டிருந்தவனிடம் முதலில் பேச்சுக் கொடுத்தவர் டைப்பிஸ்ட் ஸ்டெல்லா அக்கா. ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். வெள்ளிக்கிழமையென்றால் அவர் டப்பாவில் மீன் குழம்பு. அந்த வாசனைக்காகவே நான் வெள்ளிக்கிழமைகளில் லீவு போட்டதில்லை. ஜப்பானிலிருந்து மெஷின் பொருத்த வந்த எஞ்சினியர் தனாகாவும் அந்தக் குழம்பில் விழுந்தவர்தான். கேன்டீன் சாம்பாரைக் கண்டு அரண்டு பிஸ்கட்டில் காலம் தள்ளியவருக்கு அக்கா தனியாக ஒரு டப்பா கொண்டுவர ஆரம்பித்தார்.

ஊருக்குத் திரும்பும்போது தனாகா அக்கா கையில் ஒரு பேனாவைக் கொடுத்தார். கருப்பு அரக்கின் மேல் சிவப்பும் தங்கமுமாக இரண்டு மீன்கள். சன்னபட்டணத்து மரப்பொம்மை மாதிரி வழவழப்பு. தினமும் எழுத வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். அக்காவும் எழுதினார். அட்டெண்டன்ஸ் கையெழுத்து, சர்ச் பாட்டு, மளிகைச் சீட்டு எல்லாம் அதில்தான். விரலில் எப்போதும் நீல மை.

அட்மின் மேனேஜருக்குக் கண் உறுத்தியது. "ஏம்மா ஸ்டெல்லா, கம்பெனி கெஸ்ட் குடுத்தது கம்பெனிக்குத்தானே சேரும்? எம்.டி. பர்த்டே வேற வருது" என்றார். அக்கா பல வருஷமாக டெம்பரரி. அவருடைய பர்மனென்ட் ஆர்டர் இந்த ஆளின் மேஜையில்தான் கிடந்தது. அக்கா பேனாவைக் கொடுத்துவிட்டார்.

வாங்கியதை அப்படியே எம்.டி.க்குக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். நம் ஆட்களுக்குத்தான் பேர் வெட்டாமல் எதையும் கொடுக்க வராதே! குடத்திலிருந்து டம்ளர் வரை வெட்டியாக வேண்டும். நான் தினமும் காபி குடிக்கிற டவராவில்கூட யாரோ ஒரு மாமாவின் பேர். பேனா சிக்பேட்டைப் பாத்திரக் கடைக்குப் போனது. எவர்சில்வரில் ட்ர்ர்ரென்று ஓடுகிற ஊசியை அரக்கின் மேல் ஓட்டினால் என்ன ஆகும்? எம்.டி. பேர் விழுந்தது. ஒரு மீனின் தலை பெயர்ந்து வந்துவிட்டது.

பெயர்ந்த பேனாவை எம்.டி.யிடம் நீட்ட முடியுமா? மேனேஜர் அதை அக்கா மேஜையிலேயே கொண்டுவந்து வைத்தார். "உங்களுதுதானே, நீங்களே வெச்சுக்கோங்க." ஒரு ஸாரி? மூச்!

அக்கா அதிலேயே மறுபடி எழுத ஆரம்பித்தார், எம்.டி. பேரோடு.

அடுத்த வருஷம் தனாகா மறுபடி வருவதாகத் தெரிந்ததும் மேனேஜர் அக்காவிடம் ஓடிவந்தார். "பேனா விஷயம் அவருக்குத் தெரியக் கூடாது. உங்க ஆர்டர் இன்னும் என்கிட்டதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோங்க."

தனாகா வந்ததும் வராததுமாக அதைத்தான் கேட்டார். மேனேஜர் பக்கத்திலேயே நிற்கிறார். பேனா அக்காவின் கைப்பையில்.

"பீரோல பத்திரமா வெச்சிருக்கேன்னு சொல்லிட்டேன்ப்பா" என்றார் அக்கா, மத்தியானம் கேன்டீனில் என்னிடம். "எழுதவே இல்லையான்னு கேட்டார். மூஞ்சி அப்படியே விழுந்துடுச்சு. நான் மை பட்ட கையைப் பின்னால மறைச்சுக்கிட்டு நின்னேன்."

அந்த ஆர்டர் கடைசிவரை வரவேயில்லை. கம்பெனியையே மூடினார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள், வாசலில் நீச்சல்குளம் படம் போட்ட போர்டு. ஸ்டெல்லா அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். தலையில்லாத மீனைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதில்தான் எழுதினார் என்று தனாகாவிடம் சொல்ல என்னிடம் விலாசம்கூட இல்லை. அவர் இன்னும் இருந்தால், பெங்களூரில் ஒருத்தி தான் கொடுத்த பேனாவைப் பூட்டி வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.