மூன்றாவது ஓலை

எங்கள் ஊரில் எடுத்த அந்தப் படம் எந்தத் தியேட்டருக்கும் வரவில்லை. எடுத்தவர்களிடம் காசு இல்லை, நடித்தவர்களில் யாரையும் யாருக்கும் தெரியாது என்று சொன்னார்கள். வெளிநாட்டில் எங்கோ நாலு பேர் பார்த்துப் பாராட்டினார்களாம், அதோடு சரி. இத்தனை வருடம் கழித்து யாரோ அதை இன்டர்நெட்டில் போட, போன மாதம் என் மகள் செல்போனில் காட்டினாள். கடற்கரை ஊரில் ஒரு பதினேழு வயதுப் பெண்ணும், படகு கட்டுகிற இடத்தில் வேலை பார்க்கும் பையனும் முதன்முதலாக ஒருவரை ஒருவர் விரும்புகிற கதை. அந்தப் பெண்ணுக்குத் தங்கையாக, எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டே நிற்கிற ஒன்பது வயதுப் பிள்ளை நான்தான். மகள் சிரித்தாள். நான் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் எங்காவது சித்தி தெரிகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இறந்துபோனதால் எங்கள் வீட்டில் இருந்தாள். தூத்துக்குடியில் இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போவாள். இருபத்தைந்து வயதாகியும் அவளுக்குக் கல்யாணம் ஆகாதது அம்மாவின் தீராத தலைவலி. அப்பா சங்கு குளிக்கப் போகிறவர், அதிகம் பேசமாட்டார். நான் கூச்சப்பட்டு ஒளிந்ததைப் பார்த்துத்தான் டைரக்டர் என்னைப் பிடித்தார். நடிக்கத் தெரியாத பிள்ளைதான் வேண்டுமாம். அந்தத் தகுதி எனக்கு நிறையவே இருந்தது. சித்தி கூடப் போனால் அனுப்புகிறேன் என்று அம்மா சொல்ல, சித்தி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாள்.

அந்தக் கூட்டத்தில் சத்தம் பதிகிறவர் ஒருவர் இருந்தார். நீளக் கம்பில் மைக்கைக் கட்டிக்கொண்டு அலைவார். மைக் மாமா என்று கூப்பிடுவேன். நாகர்கோவில் பக்கத்து ஆள், எங்களைப் போலக் கிறிஸ்தவர், வேதக்காரர் என்போம். காதில் மாட்டுகிற கருவியைக் கழற்றிச் சித்தியிடம் கொடுத்துக் கேட்கச் சொல்வார். சித்தி கண்ணை மூடிக்கொண்டு கடலைக் கேட்பாள். பிறந்தது முதல் காதில் விழுகிற கடலில் புதிதாகக் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவேண்டும். மூன்று ஓலையும் தடையில்லாமல் முடிந்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. படத்தில் அந்தப் பெண்ணுக்கு வேறொரு மாப்பிள்ளையோடு ஓலை வாசிக்க, பையன் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பதாக ஒரு காட்சி. ஞாயிறு பூசைக்கு மட்டும்தான் சாமியார் எங்கள் ஊருக்கு வருவார். மற்ற நாளில் ஜெபம் நடத்துகிற உபதேசியாரையே வாசிக்கச் சொன்னார்கள்.

எழுதிக் கொடுத்த கதைப் பெயர்களைப் பார்த்துவிட்டு அவர் மறுத்துவிட்டார். "இல்லாத ஆளுக்கு ஓலை வாசிச்சா பீடத்துக்கு முன்னால பொய் சொன்ன மாதிரில்லா? உள்ள பேராக் குடுங்க. இது ஒரு தடவ வாசிக்கிற காரியமும் இல்ல, மூணு தடவ வாசிக்கணும்."

டைரக்டருக்கு வெளிச்சம் போய்விடுமே என்ற கவலை. வாய் அசைந்தால் போதும், குரலைப் பிறகு எடுத்துவிடுவோம், யார் பெயரையாவது வாசியுங்கள் என்றார்.

மைக் மாமா தன் பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் சொன்னார். பெண் பெயருக்கு எங்கே போவது என்று பெஞ்சில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சித்தியைக் காட்டி, "அவுங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னா அவுங்க பேரு" என்றார். சித்தி முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் தடவை வாசித்தபோது பையன் தப்பான பக்கம் திரும்பிவிட்டான். இரண்டாவது தடவை எல்லாம் சரியாக வந்தது. டைரக்டர் விளக்கை அணைக்கச் சொன்னார். அப்போது மைக் மாமா, எனக்காக இன்னொரு தடவை என்றார். உபதேசியார் மறுபடி வாசித்தார். சித்தியின் கை என் தோளில் இருந்தது. அவள் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. இப்போது படத்தில் அந்த இடத்தில் குரலே இல்லை. அலைச் சத்தம் மட்டும் வருகிறது.

படம் எடுத்தவர்கள் போய் நாலைந்து மாதம் இருக்கும். மணப்பாட்டிலிருந்து சித்திக்கு மாப்பிள்ளை வந்தது. கப்பலில் சமையல் வேலை. வயது கொஞ்சம் கூடுதல், ஆனால் குடிக்காத மனிதர். அம்மா அவசரமாகப் பேசி முடித்தாள். முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் சித்தி மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத்தான் மூணு ஓலையும் வாசிச்சாச்சே, அக்கா."

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள். "ஏளா, அது சினிமாவுக்கு வாசிச்சது."

"டைரக்டரு போதும்னுட்டாவ. கொரலும் வேண்டாம்னுட்டாவ. பெறவு எதுக்கு அவுக மூணாவது வாசிக்கச் சொன்னாவ?"

நானும் என் காதால் கேட்டேன், மூணு தடவை வாசித்தார்கள் என்று சாட்சி சொன்னேன். அம்மா கரண்டியால் ஒன்று வைத்தாள், எனக்கு.

அப்பா உபதேசியாரிடம் போனார். கேமரா வைத்து வாசித்ததெல்லாம் ஓலையாகாது என்றார் அவர். பொய்ப் பெயரை வாசிக்கமாட்டேன் என்று நின்றவர், கடைசியில் மெய்ப் பெயரை வாசித்ததையும் பொய் என்று சொல்லவேண்டியதாயிற்று. அப்பா அதோடு விடவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், டைரக்டர் கொடுத்திருந்த நம்பருக்குப் பேசினார். மைக் மாமா பம்பாயில் வேறு படத்தில் இருப்பதாகவும் விஷயத்தைச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்களாம்.

"மூணாவது ஓலைக்குள்ள அவன்ட்டருந்து ஒரு வார்த்த வந்தா, நானே மணப்பாட்டுக்குப் போயி மன்னிப்புக் கேக்குதேன்" என்று அப்பா சித்தியிடம் சொன்னார். "வரலன்னா நீ இதப் பேசப்படாது."

சித்தி தலையாட்டினாள். அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. யாருக்குப் போன் வந்தாலும் பூத்து அண்ணாச்சி தெருவில் நின்று கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் சித்தி செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். துபாயிலிருந்து யாருக்காவது வந்திருக்கும். இரண்டாவது ஓலை முடிந்தது. மூன்றாவது ஓலை அன்று கோயிலுக்குப் போகிற வழியில் அவளே பூத்து வாசலில் நின்றாள். அண்ணாச்சி, "ஒண்ணும் வரலியே, தாயி" என்றார். கோயிலில் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசித்தபோது, எங்கள் வீட்டார் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு சம்மதம் என்றார். அடுத்து சாமியார் சித்தியிடம் கேட்டார். சித்தி பேசவில்லை. சாமியார் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். அப்போதும் பேசவில்லை. அப்பா ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தார். அம்மா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

நான் பூத்தட்டோடு சித்திக்கு எதிரே ஓரமாக நின்றேன். அவள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். கடைசியில் கண் என்மேல் வந்து நின்றது. எனக்கு உடனே விஷயம் பிடிபட்டுவிட்டது. ஷூட்டிங்கில் பார்த்துப் பழகியவள் அல்லவா நான், வசனம் மறந்தவர்களுக்கு எதிரே நிற்கிறவர்தான் எடுத்துக் கொடுக்கவேண்டும். இருப்பதே ஒரு சொல், அதையா மறப்பாள் என்று நினைத்துக்கொண்டே, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தேன். சம்மதம்.

சித்தி கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். பிறகு அதைச் சொன்னாள்.

அப்பா காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அன்று பந்தியில் உட்கார்ந்தபோது, நான் மட்டும் எடுத்துக் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் கல்யாணமே நின்றுபோயிருக்கும் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்ல ஆசையாக இருந்தது. கூச்சத்தில் சொல்லவில்லை.