காற்று இறங்கும் ஜீப்

சேலையூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரரிடம் காடுமேடெல்லாம் ஏறும் ஜீப் ஒன்று இருந்தது. அது ஏறிய ஒரே மேடு கேம்ப் ரோடு ஸ்பீட் பிரேக்கர்தான். மனிதர் மட்டும் முறுக்கு மீசையும் காக்கி அரை டிராயருமாக எப்போதும் வேட்டைக்குக் கிளம்புகிறவர் போலிருப்பார்.

பின் டயரில் மெதுவாகக் காற்று இறங்கும். ஞாயிறுதோறும், ஓட்டையை அடைக்கும் பச்சைத் திரவத்தை வால்வு வழியாக ஊற்றிவிட்டுக் குரல் கொடுப்பார்.

“சார், லிக்விட் உள்ள பரவணும்னா உடனே வண்டிய ஓட்டியாகணும். வாங்க, குன்றத்தூர் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்!”

தெருவே ஏறிக்கொள்ளும்.

ஒரு ஞாயிறு காலை, அவர் டயரருகே குந்தி, தீக்குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அசடு வழிந்தார்.

“லீக் நின்னுபோச்சு சார்,” என்றார், துக்கச் செய்தி சொல்வதுபோல.

அடுத்த டயருக்கு நானும் ஒரு குச்சி வாங்கிக்கொண்டேன்.