மாத்திரை ஒருசந்தியை முறிக்காது

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தபோது என் மகள் லூர்து கோயில் தரையில் விழுந்தாள். கைகால் இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. ஒரு வலிப்பு நின்று நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தது. பிறகு இன்னொன்று. என் பிள்ளை என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தாள்.

சகோதர சகோதரிகளே, மாதாவுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நன்றியோடு கோபமும் வருகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

எங்கள் ஊர் கறம்பக்குடிப் பக்கம். புதுக்கோட்டை சமஸ்தானம் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரர் இறந்தபின் ஏர், மாடு, கடலைக்காடு எல்லாவற்றையும் நானே பார்த்தேன். யாரிடமும் கைகட்டி நின்றவள் இல்லை நான். ஆனால் லூர்துவின் வலிப்பு என்னை எல்லா வாசலிலும் நிறுத்திவிட்டது. பெரியவளானதிலிருந்து அவளுக்கு அந்த நோய். பேய் என்று வேப்பிலை அடித்தார்கள். எதற்கும் நிற்கவில்லை. கடைசியில் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். காலையும் இரவும் விடாமல் சாப்பிட்டாள். வலிப்பு வரவேயில்லை. ஒரு கிறிஸ்துமஸ் போய் மறு கிறிஸ்துமஸும் வந்தது. அவள் தண்ணீர் இறைக்கப் போனால் நான் பின்னாலேயே ஓடுவதை விட்டிருந்தேன்.

அப்படிப்பட்டவள் ஏன் விழுந்தாள்?

அவள் முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் அந்த வாரத்து மாத்திரைகள் அத்தனையும் அப்படியே இருந்தன. யார் சொல்லி இப்படிச் செய்தாள் என்று கத்தினேன்.

என் நாத்தனார் மரியாயி அழுதுகொண்டே சொன்னாள்: "உபதேசியார்தான் சொன்னாரு மதினி. ஒருசந்தி இருக்கயில மாத்திரை வயித்துக்குள்ள போனா ஒருசந்தி முறிஞ்சிரும்னாரு. பாஸ்கு வரைக்கும் பொறுத்துக்க, மாதா பாத்துக்குவான்னாரு. ஒங்கிட்ட சொன்னா நீ வைவேன்னு புள்ள சொல்லல."

பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு நாம் இருக்கும் ஒருசந்தியைத்தான் சொன்னாள். பங்குச் சாமியார் எங்கள் ஊருக்கு எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளில் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் சொன்னதுதான் சட்டம்.

அதற்குள் ஒருவர் இரும்புச் சாவியை அவள் கையில் திணித்தார். இன்னொருவர் பல்லைத் திறக்கக் கரண்டியோடு வந்தார். மரியாயி அந்த மாத்திரைகளை அள்ளி, "விட்டதெல்லாத்தையும் சேத்துக் குடுத்துருவோம் மதினி" என்று வாயருகே கொண்டுபோனாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். நினைவில்லாதவள் வாயில் எதையும் போடாதே, தண்ணீர்கூட ஊற்றாதே என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். சாவியை எடுத்து வெளியே எறிந்தேன். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

உபதேசியார் கிட்டே வந்தார். "இது சோதனை அக்கா. எல்லாரும் முழங்கால் போட்டு மாதாவ வேண்டுவோம்."

"வேண்டுறத நான் பாத்துக்கறேன் உபதேசியாரே. நீங்க ரோட்டுக்குப் போயி ஒரு வண்டிய மறிங்க."

"பெரிய வெள்ளிக்கெழமையில ஏதுக்கா வண்டி?"

"கால் இருக்குல்ல? போயி நில்லுங்க!"

போனார். நான் மாதா சுரூபத்தைப் பார்த்தேன். கை கூப்பவில்லை. "ஒம் மகன இப்படி மடியில போட்டுப் பாத்தவதானே நீ? எம் புள்ளையையும் இப்படிப் பாக்கணும்னு நெனைக்கிறியா? இப்ப வண்டி அனுப்பு" என்று சண்டை பிடித்தேன். என் வாழ்நாளில் அதைவிட உண்மையாக நான் ஜெபித்ததில்லை.

ரோட்டில் ஆரன் சத்தம் கேட்டது. கறம்பக்குடியிலிருந்து கடலை மூட்டை ஏற்றிப் புதுக்கோட்டைக்குப் போகும் லாரி. டிரைவர் ஒரு முஸ்லிம் தம்பி. பிள்ளையைப் பார்த்ததும் வேறொன்றும் கேட்கவில்லை. "படுக்க வக்க எடம் வேணும். நாலு மூட்டைய இங்கிட்டு எறக்குங்க. மொதலாளி ஏசுனா ஏசட்டும். ஏறுங்க ஆத்தா!" என்றான். உபதேசியாரே மூட்டை சுமந்தார். ஒருசந்தி வயிற்றோடு சுமந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். மறுநாள் காலையில்தான் கண் திறந்தாள். திறந்ததும் கேட்டாள்: "ஆத்தா, ஒருசந்தி முறிஞ்சிருச்சா?"



டாக்டரம்மா எங்களைச் சும்மா விடவில்லை. "நல்லாயிருக்குன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. விரதம்னும் நிறுத்தக் கூடாது. இதத் திடீர்னு விட்டா வலிப்பு உசுரெடுக்க வரும். ஒரு வேளை மறந்துட்டா, அடுத்த வேளைக்கு ரெண்டாப் போட்டுக்கவும் கூடாது. கூட்டுறது கொறைக்கிறதெல்லாம் என்னக் கேட்டுத்தான்" என்றார். கோபமாகத்தான் சொன்னார். அந்தக் கோபம் எனக்குப் பிடித்தது.

பாஸ்கு முடிந்து சாமியார் பூசைக்கு வந்தார். பூசை முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றேன். "சாமி, மாத்திரை சாப்பாடா?"

"யாரம்மா அப்படிச் சொன்னது? மருந்து ஒருசந்தியை முறிக்காது. நோயாளிக்கு ஒருசந்தியே கட்டாயமில்லை."

எல்லோரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். அவர் குனிந்து தன் குடையைத் தேடினார். குடை அவர் கையில்தான் இருந்தது.

பிறகு லூர்துவிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். அவள் மன்னித்துவிட்டாள். நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன். அதற்கும் மாதாவைத்தான் கேட்கிறேன்.

இப்போது லூர்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் மாத்திரையை விழுங்குகிறாள். பொட்டலம் தீருமுன்பே புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிவிடுகிறோம். தபசுகாலத்தில் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் சிலுவைப்பாதைக்கு வருகிறாள். கடைசி ஸ்தலம் வரைக்கும் நின்று பாடுகிறாள். வலிப்பு வருவதில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். மாதாவை நம்புங்கள். சண்டை பிடித்தாவது கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள் அனுப்புகிற மருந்தையும் வேளை தவறாமல் கொடுங்கள். விசுவாசமிருந்தால் மாத்திரையை நிறுத்து என்று யாராவது வந்து சொன்னால் நீங்கள் வாதாட வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.