இரவல் நெருப்பு

ஏசுபாதம் பொய்யே சொல்லாத மனுஷர் என்று நான் சொல்ல மாட்டேன். வெட்டிய விறகைக் கூட்டிச் சொல்வார். குடித்த கள்ளைக் குறைத்துச் சொல்வார். ஆனால் இந்த ஒன்றை மட்டும் பைபிளின் மேல் கையை வைத்துச் சொன்னார். அவர் மனைவி ஜெசிந்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தையைக்கூட மறுக்கவில்லை. நம்புகிறவர்கள் நம்புங்கள்.

நடந்தது 1954, தை மாதம்.

மெட்ராஸ் விறகுத் தொட்டிகளுக்குக் கால்வாய் வழியாகப் படகு படகாய்ச் சவுக்கு போய்க்கொண்டிருந்த காலம் அது. சவுக்கு வெட்டுவதுதான் ஏசுபாதத்தின் தொழில். தோப்புக்குள் போனால், வெட்டி முடிகிறவரை அங்கேயே டேரா. கூரைக்குக் கீழே தூங்கிய நாட்களைவிட மரத்தடியில் தூங்கிய நாட்களே அவருக்கு அதிகம். அதனால் ஆட்கள் வருவதற்கு ஒரு நாள் முந்திப் போய், இடம் பார்த்துக் குடிசை போடுகிற வேலையை அவரிடம்தான் விடுவார்கள். மழை வந்தால் தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே தோண்டினால் உப்புக் கரிக்காத தண்ணீர் ஊறும் என்பதை மண்ணை அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவார். எறும்பு ஊராத மண்ணில் மட்டும் பாய் விரிக்க மாட்டார். ஏன் என்று கேட்டால், "என் அப்பன் விரிக்கல, நானும் விரிக்கல" என்பார்.

அந்தத் தோப்பு மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது. குத்தகைக்கு எடுத்தவர் அமானுல்லா பாய். அவரே புருஷன் பெண்சாதி இருவரையும் சாயங்காலம் படகில் கொண்டுவந்து இறக்கினார். இறங்கும்போது ஜெசிந்தாவின் மூட்டை நழுவித் தண்ணீரில் விழுந்தது. அரிசி தப்பியது. தீப்பெட்டி கூழாகிவிட்டது.

"பாய், நெருப்பெட்டி கீதா?"

"என்னாண்ட ஏதும்மா? நான் பீடி பிடிக்கறவனா?"

பாய் படகை விட்டு இறங்கவே இல்லை. கரையைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. "காலைல ஆளுங்கள இட்டாறேன்" என்று சொல்லிவிட்டு அவசர அவசரமாகப் படகைத் திருப்பச் சொன்னார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தோப்புக்குள் ஓர் இடம் ஏசுபாதத்துக்குப் பிடித்துப்போயிற்று. மணல் மேடு. மெத்தை மாதிரி இருந்தது. மூன்று பக்கமும் மரங்கள் காற்றை மறித்தன. எறும்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

ஒன்றுகூட இல்லை.

வேறு இடம் தேட வெளிச்சம் இல்லை. ஒரு ராத்திரிதானே என்று கழியை நட்டார்.

கீற்றைச் சாத்தி முடித்தபோது ஜெசிந்தா கூப்பிட்டாள். "யோவ், அங்க பாரு. யாரோ அடுப்பு மூட்டிகினு கீறாங்க."

மரங்களுக்கு நடுவே, தூரத்தில் சிவப்பாய் ஒரு நெருப்பு. அவளுக்கு ஒரே சந்தோஷம். உடைந்த சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். தணலோடு திரும்பி வந்தாள்.

"யாருமே அவங்க?"

"ஒரு பொம்பள. கொழந்த ஒண்ணு சாக்கப் போத்திகினு படுத்துகினு கீது."

"இன்னா சொன்னா?"

"ஒண்ணியும் சொல்லல. நெருப்பு கேட்டேன், குடுத்தா. சோறு வெந்தா சொல்லுன்னா."

தணலைப் போட்டு ஊதியதும் சுள்ளி குபீரென்று பற்றியது. பானையை ஏற்றினாள். அரிசியைப் போட்டாள். இருவரும் உட்கார்ந்தார்கள்.

கலங்கரை விளக்கின் வெளிச்சம் மரங்களின் மேல் தடவிக்கொண்டு போனது. திரும்ப வந்தது. மறுபடியும் போனது...

சோறு கொதிக்கவில்லை.

ஏசுபாதத்தின் முதுகில் கொசு மொய்த்தது. இவ்வளவு புகையில் கொசுவா? நிமிர்ந்து புகையைப் பார்த்தார். காற்று கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய துண்டின் முனை மேற்கே பறந்தது. கீற்று மேற்கே ஆடியது.

புகை மட்டும் கிழக்கே போயிற்று. காற்றை எதிர்த்துக்கொண்டு... கடலைப் பார்க்க.

தூரத்து நெருப்பைப் பார்த்தார். அதன் புகையும் அப்படியே.

"அரிசி இன்னாமே ஆச்சி?"

ஜெசிந்தா மூடியைத் திறந்து கையை விட்டாள். கை அப்படியே நின்றது.

"யோவ்... தண்ணி சில்லுன்னு கீதுய்யா."

பானையின் கழுத்துவரை தீ எரிந்துகொண்டிருந்தது. அவர் மெல்லக் கையை நீட்டினார். தீக்குள்ளேயே நீட்டினார்.

சுடவில்லை.

ஈரத்துணியைத் தொட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்தக் குரல்.

"வெந்துச்சா?"

குழந்தைக் குரல். ஜெசிந்தா தூரத்து நெருப்பின் பக்கம் திரும்பினாள். குரல் அங்கிருந்து வரவில்லை.

"வெந்துச்சா...?"

இன்னும் கிட்டத்தில்.

கீழே.

அவள் உட்கார்ந்திருந்த மணலுக்குள்ளிருந்து.

எப்படி எழுந்தார்கள், எப்படி ஓடினார்கள் என்று இருவருக்குமே தெரியாது. கால்வாய்க் கரையில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டே விடிய வைத்தார்கள். முதலில் வந்த உப்புப் படகு அவர்களை ஏற்றிக்கொண்டது.

ஆட்களைக் கூட்டப் போயிருந்த அமானுல்லா பாயைச் செங்கல்பட்டில் பிடித்தார்கள். முதலில் அவர் மழுப்பினார். ஜெசிந்தா, "அந்தக் கொழந்த யாரு பாய்?" என்று கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீங்களா?" என்றார். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கார்த்திகைப் புயல்ல அங்க ஒரு குடும்பம் மாட்டிக்கிச்சிம்மா. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு கொழந்தைங்க. ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் கால்வா. நாலு நாள் எந்தப் படகும் போவ முடில. பானைல அரிசி கீது. சுத்திலும் வெறகு கீது. பத்த வெக்க ஒரு குச்சி காஞ்சது இல்ல. பசியும் குளிரும்... நாங்க போய்ப் பாக்கும்போது எல்லாம் முடிஞ்சிட்சி."

"நாலு பேருமா?"

"மூணு பேரத்தான் அடக்கம் பண்ணோம். சின்னது கெடைக்கல. கடலு மணல வாரிக் கொண்டாந்து மேடு போட்டுட்சி. எங்கன்னு தோண்டறது?"

பாய் மறுபடி அந்தத் தோப்புக்கு ஆள் அனுப்பவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் ஜெசிந்தா ஒரு பானையும் படி அரிசியும் புது நெருப்பெட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஏசுபாதம் கையைப் பிடித்துத் தடுத்துப் பார்த்தார். கெஞ்சினார். "நீ வராட்டி போ, நான் தனியா போறேன்" என்றாள். அவரும் கூடவே போனார்.

நல்ல உச்சி வெயில். அந்த மணல் மேட்டில் அவளே கல் வைத்து, அவளே தீக்குச்சி கிழித்தாள். புகை மேற்கே போயிற்று. சோறு பொங்கி வந்தது. இலையில் ஆவி பறக்கக் கொட்டினாள். மீதிச் சோற்றோடு பானையை மூடிப் பக்கத்தில் வைத்தாள். குனிந்து மணலைத் தடவினாள்.

"வெந்துட்சி கண்ணு. எயுந்து துன்னு."

இருவரும் கால்வாயைப் பார்த்து நடந்தார்கள். திரும்பிப் பார்க்காதே என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. இருவரும் பார்க்கவில்லை.

காற்று நின்றுபோயிற்று. சவுக்கு இலைகூட அசையவில்லை.

பின்னால்... பானை மூடி நகரும் சத்தம்.

அப்புறம், சின்ன வாய் ஒன்று சுடுசோற்றை ஊதுகிற சத்தம்.

ஃபூ...

ஃபூ...