நடைப்பயணத்தில் கடைசி ஆள்

மாதா திருநாளுக்காக, அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பேர்லேண்ட் ஊரில், நாங்கள் ஐந்து மைல் நடந்து கோயிலுக்குப் போனோம். தண்ணீர் பாட்டில்களோடு காரில் பின்னால் போவது என் வேலை. சாயங்காலப் பூசை தொடங்கப் போகிறது. காவி வேட்டியும் ஜாகிங் ஷூவும் போட்ட அங்கிள் ஒருவரை மட்டும் காணோம்.

தேடிப் போனால், கோயிலுக்கு ஒரு மைல் முன்னால் மனிதர் ஜெபமாலையை உருட்டியபடி நிதானமாக நடந்துகொண்டிருந்தார்.

"என்ன அங்கிள், இன்னும் இங்கேயேவா?"

"இந்த ஊர்ல நடந்தாலே கார் பிரேக்டவுன்னு நெனச்சு லிஃப்ட் குடுக்கறாங்க தம்பி. ஆசையா கூப்பிடறவங்களை வேணாம்னு எப்படிச் சொல்றது? ஏறிடுவேன். கோயில்ல இறங்கி, ஏறின இடத்துக்கே திரும்பி வந்து, அங்கேர்ந்து நடப்பேன். நடக்கறதாத்தானே நேர்ந்துகிட்டேன்?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இப்படிப் போனா எப்பதான் கோயிலுக்குப் போய்ச் சேருவீங்க?"

"இன்னைக்கே மூணு தடவை போய்ச் சேர்ந்துட்டேனே! மிச்சத்தை மாதா பாத்துப்பாங்க."

வேறு வழியில்லாமல் காரை ஓரங்கட்டிவிட்டு அவரோடு நடந்தேன். ஐந்தே நிமிஷத்தில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்த வெள்ளைக்காரக் கிழவர் கதவைத் திறந்துவிட்டார்.

"நோ, தேங்க்ஸ்" என்றேன், பழக்கதோஷத்தில்.

அங்கிள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

தூரத்தில் பூசை மணி அடித்தது. எப்படியும் இதே இடத்துக்குத்தான் திரும்பி வருவார் என்ற நம்பிக்கையில், நான் அங்கேயே புல்லில் உட்கார்ந்துகொண்டேன்.