ஆறு கோடு, மூணு புள்ளி

கிதார் சொல்லிக் குடுக்கற தொழில்ல பழகறவங்களுக்கு விரல் நுனி காய்ச்சுப் போகும், சொல்லிக் குடுக்கறவனுக்குத் தொண்டைத் தண்ணி வத்திப் போகும்.

தொண்ணூறுகள்ல கோயமுத்தூர் காந்திபுரத்துல ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை மாடியில கிளாஸ் நடத்த ஆரம்பிச்சேனுங்க. அதுக்கு முன்னால பத்து வருசம் மெல்லிசைக் குழுவுல கல்யாண ரிசப்ஷன் ரிசப்ஷனா வாசிச்சவன். எல்லாம் காதால கேட்டுக் கேட்டுப் பழகினதுதான். நீங்களும் யாருக்காவது டைப்ரைட்டிங்கோ, தையலோ, கணக்கோ சொல்லிக் குடுத்து வயிறெரிஞ்சவங்களா இருந்தா இப்படிப் பக்கத்துல வந்து உக்காருங்க. என் வயித்தெரிச்சலுக்குப் பேரு கார்ட் படம்.

கார்ட்னா வேறொண்ணுமில்லீங்க. ரெண்டு மூணு கம்பிய ஒரே சமயத்துல அமுக்கிப் பிடிச்சுட்டு, சேர்த்து மீட்டறது. எந்தக் கம்பிய எங்க அமுக்கோணும்னு காட்டறதுக்கு ஒரு படம் போடுவாங்க. செங்குத்தா ஆறு கோடு, அது ஆறு கம்பி. குறுக்க நாலு கோடு, அது கிதார் கழுத்துல குறுக்கப் பதிச்சிருக்கற கட்டை. விரல் வெக்கற எடத்துல கறுப்பா ஒரு புள்ளி. பார்த்தா கோலம் பழகற நோட்டாட்டம் இருக்கும்.

எங்கிட்டச் சேர்றவங்களுக்கு ஒரே ஒரு சட்டந்தான். முதல் ஆறு மாசம் படம் பார்க்கப்படாது. என் விரலப் பாரு, சத்தத்தக் கேளு, திருப்பி வாசி. இத ஒருத்தராவது கேட்டிருந்தா நான் ஏனுங்க இப்ப உங்ககிட்டப் பொலம்பறேன்?

மாடிப்படிக்குக் கீழ ஒரு எதிரி

மாடிப்படிக்குக் கீழ சண்முகம்னு ஒருத்தர் ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தாரு. எங்கிருந்தோ ஒரு புஸ்தகம் புடிச்சு, அதுல இருந்த கார்ட் படத்தையெல்லாம் சின்னதாக்கி ஒரே பக்கத்துல அடைச்சு, பிளாஸ்டிக் ஒட்டி, கடை முன்னால கிளிப்புல தொங்கவிட்டுட்டாரு. நம்ம ஆளுக படியேறி வர்றதுக்கு முன்னாலயே ஆளுக்கொரு காப்பி வாங்கியாச்சு. ஒரு நாள் கிளாஸுல எட்டுப் பேரு, எட்டு மடியிலயும் அந்தக் காகிதம். ஒருத்தராவது என் மூஞ்சியப் பார்த்தா என்னங்க? எல்லாரும் குனிஞ்சு புள்ளியத் தேடிட்டு இருக்காங்க. நான் வாசிக்கறத நிறுத்தினதுகூட யாருக்கும் தெரியல.

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. நேரா கீழ எறங்கிப் போயி நாலு வார்த்தை கேட்டேன். நாலும் நல்ல வார்த்தை இல்லீங்க, ஆனா நாலுலயும் ‘ங்க’ இருந்துச்சு, ஊர்ப் பழக்கம் போகாதுங்களே. சண்முகம் மெஷின் மூடியத் தொறந்து ஒரு ரேஷன் கார்டத் திருப்பிப் போட்டுட்டே நான் சொல்றது பூராத்தையும் கேட்டாரு. அப்புறம் நிதானமாச் சொன்னாரு: "கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். நீங்க ஒரு வருசமாச் சொல்லிக் குடுக்கறது இதுல ஒரே பக்கத்துல வந்துருதுங்களே."

பூ மண்டிக்காரர்

சத்தியமங்கலத்துல பூ மண்டி வெச்சிருந்த ஒருத்தரு. நாப்பது வயசுக்கு மேல ஆசை வந்து புதுக் கிதார் வாங்கிட்டாரு. நல்ல மனுசன், வர்றப்பவெல்லாம் ஒரு பொட்டணம் மல்லி எங்க ஊட்டுக்குக் குடுத்துவிடுவாரு. ரெண்டு கிளாஸ் வந்தாரு, அப்புறம் முகூர்த்த சீசன்னு ஒன்றரை மாசம் ஆளக் காணோம். திரும்பி வந்தவரு, தெனமும் ஒரு மணி நேரம் பழகினேனுங்க, கேட்டுப் பாருங்கன்னு மீட்டினாரு. ஏனுங்க, தகர டப்பாவுல சல்லியப் போட்டு ஆட்டினாக்கூட அதுல ஒரு ஒழுங்கு இருக்கும். அது என்ன சத்தம்னே எனக்குப் புரியல.

அப்புறந்தான் பார்க்கறேன், சண்முகத்தோட காகிதம் பையில இருந்து எட்டிப் பார்க்குது. மனுசன் அந்தப் படத்தப் படுக்க வெச்சு, மேல தெரியற கோடுதான் மேல இருக்கற கம்பின்னு எடுத்துக்கிட்டாரு. படுக்க வெச்சா மேல வர்றது மெல்லிசுக் கம்பியோட கோடு. கிதார மடியில வெச்சா மேல வர்றது தடிக் கம்பி. ஆகமொத்தம் ஒன்றரை மாசமா எல்லாக் கார்டையும் தலைகீழாப் பழகியிருக்காரு, அதுவும் எப்படிங்கறீங்க, விரல் ஒரு நூல் பிசகாம. ஒரு தடவை காது குடுத்துக் கேட்டிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்குமுங்களே. நான் தலையில அடிச்சுக்காத கொறையா வெளக்கிச் சொன்னேன். அவரு காகிதத்தையும் பார்த்தாரு, கிதாரையும் பார்த்தாரு. ரொம்ப யோசிச்சுச் சொன்னாரு: "இத்தனை நாள் பழகினத விட முடியாதுங்க மாஸ்டர். கம்பிய வேணா மாத்திக் கட்டிக் குடுத்துருங்க."

மில்லுக்கார ஊட்டு அம்மணி

பீளமேட்டுப் பக்கம் மில்லு வெச்சிருக்கற குடும்பம். ஊட்டுக்குள்ள தெலுங்கு, எங்கிட்ட அருமையான கோயமுத்தூர்த் தமிழ். அந்த அம்மணி கார்லதான் வருவாங்க, கிதாரு கார் டிக்கியில வரும். சித்திரை வெயில்ல டிக்கிக்குள்ள கெடந்தா கம்பி என்னத்துக்காகும்? ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு பக்கம் எறங்கிப் போயிருச்சு. அவங்க மடியில காகிதத்த விரிச்சு, விரல வெச்சாங்க. தப்பே சொல்ல முடியாதுங்க, படத்துல இருக்கற மாதிரியே இருந்துச்சு. மீட்டினாங்க. கீழ் கடையில டேப் ரெக்கார்டர் பார்த்துட்டு இருந்தவங்க அண்ணாந்து பார்த்தாங்களாம்.

சுருதி எறங்கியிருக்குங்க அம்மணின்னேன். இல்லீங்களே, விரல் சரியாத்தானே இருக்குதுன்னாங்க. காகிதத்த மூடி வெச்சுட்டுக் காதால கேளுங்கன்னேன். திரும்பவும் மீட்டினாங்க, மொகம் லேசாச் சுளிச்சுது. அப்பாடா, புரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். அவங்க காகிதத்தத் தொறந்து ஒரு தடவை சரிபார்த்துட்டு, சிரிச்ச மொகமாச் சொன்னாங்க: "காதுல கேக்கறத எப்படீங்க மாஸ்டர் நம்பறது? இது அச்சடிச்சே இருக்குதுங்களே."

கிழிச்சுப் போட்ட காகிதம்

அதே வருசம் அக்டோபர்ல எஸ்தர்னு ஒரு அம்மா வந்தாங்க. வால்பாறைக்கு மேல ஒரு டீ எஸ்டேட்ல, வேலைக்குப் போற பொம்பளைகளோட கொழந்தைகளப் பார்த்துக்கற ஆயா வேலை. மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை, காலையில ஜெபம் முடிஞ்ச கையோட மலை எறங்கி, மூணு பஸ் மாறி, ஒரு மணிக்கு எங்கிட்ட வந்து, மூணு மணிக்குத் திரும்பப் பஸ் ஏறோணும். போக வர எட்டு மணி நேரம், நடுவுல ரெண்டு மணி நேரம் கிதாரு.

எதுக்கு இந்தப் பாடுன்னு கேட்டேன். அவங்க குடியிருக்கற லைன் வீட்டு வரிசையில இருக்கற சின்னக் கோயில்ல வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு அங்கத்த பொம்பளைகதான் சேர்ந்து பாடுவாங்களாம். ஆர்மோனியம் வாசிச்ச கிளார்க் மாறுதலாகிப் போயிட்டாரு. வாசிக்க ஆளில்லைன்னா இந்த வருசம் ஸ்பீக்கர்ல கேசட் போட்டுக்கலாம்னு எஸ்டேட் ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க. கிளார்க் விட்டுட்டுப் போன பழைய கிதார் ஒண்ணு இருக்குது, நான் வாசிக்கறேன்னு இவங்க போயி ஒத்துக்கிட்டாங்க. மூணே கார்ட்ல அடங்கற பாட்டு. ஜி, சி, டி. ஆறு கிளாஸ் கைவசம் இருக்குது, முடியாததில்லன்னு எனக்கும் தோணுச்சு.

கிதார எடுத்து மடியில வெச்சாங்க, கூடவே பையில இருந்து சண்முகத்தோட காகிதத்தையும் எடுத்தாங்க. பூ மண்டிக்காரரு, மில்லுக்கார அம்மணி, எட்டு மடி எட்டுக் காகிதம், எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து என் தலைக்கேறிப் போச்சுங்க. வாங்கி நாலாக் கிழிச்சுப் போட்டுட்டேன். கேட்டுத்தான் பழகோணும், கண்ணுல பார்க்கற வேலை இங்க ஆகாதுன்னு கத்தினேன். அவங்க கீழ கெடந்த துண்டுகளப் பொறுக்கிக் கூடையில போட்டுட்டுச் சொன்னாங்க: "சரிங்க மாஸ்டர். நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்."

பதினாலு நாள்

அதுக்கப்புறம் மூணு கிளாஸ் வந்தாங்க. எங்கிட்ட இருக்கறப்ப மூணு கார்டும் வரும், சத்தமும் நல்லா வரும். பதினாலு நாள் கழிச்சு வர்றப்ப ஒண்ணும் இருக்காது. சி வெக்கச் சொன்னா விரல் எங்கியோ போகும். டி வெக்கச் சொன்னா என் மொகத்தப் பார்த்து முழிப்பாங்க. ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து. நவம்பர் கடைசி ஞாயிறு எனக்குப் பொறுக்கல. ஊட்டுல கிதாரத் தொடறீங்களா இல்லீங்களான்னு கேட்டேன். தெனமும் கொழந்தைக போனதுக்கப்புறம் ஒரு மணி நேரம்னாங்க. அப்புறம் ஏன் வரலைன்னு சத்தம் போட்டேன். வெக்கமாத்தானுங்க இருக்குது சொல்றதுக்கு, எட்டு மணி நேரம் பஸ்ஸுல வந்து போறவங்கள அப்படிக் கத்தியிருக்கப்படாது.

அவங்க அழுகல. இடது கைய விரிச்சுக் காட்டினாங்க. அஞ்சு வருசம் வாசிச்சவன் கையாட்டம் விரல் நுனி காய்ச்சுக் கெடந்துச்சு. தப்பான எடத்துலயே அமுக்கி அமுக்கி அப்படி ஆயிருக்குது. மெதுவாச் சொன்னாங்க: "உங்க காது இங்கியே இருந்துருதுங்க மாஸ்டர். பஸ்ஸுல எங்கூட வாரது என்ற கை மட்டுந்தானுங்க."

எதிரிகிட்டப் போனது

பத்து வருசம் காதால பழகினேன்னு பெருமை அடிச்சேனுங்களே, அந்தப் பத்து வருசமும் பக்கத்துல ஒரு குழுவே உக்காந்து வாசிச்சுட்டு இருந்துச்சு. தப்பா வெச்சா கீபோர்டுக்காரன் முறைப்பான். இவங்களுக்கு அந்த மலையில முறைக்கறதுக்கு யாரு இருக்காங்க? கேசட்டுல பதிஞ்சு தர்றேன்னேன். டேப் ரெக்கார்டர் ஆபீஸ்ல பூட்டிக் கெடக்குதுன்னாங்க. என் மேலயே எனக்கு வந்த கோவம், சண்முகத்து மேலகூட அந்தளவுக்கு வந்ததில்லீங்க. ஒரு பொம்பளையோட ரெண்டு மாசத்த நாலாக் கிழிச்சுப் போட்டிருக்கேன்.

மூணு மணி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்துச்சு. கீழ எறங்கிப் போயி, மூஞ்சிய வேற பக்கம் வெச்சுக்கிட்டு, ஜி, சி, டி மூணு மட்டும் ஒரு பக்கத்துல வேணும்னு கேட்டேன். சண்முகம் சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. சிரிக்காம, ரொம்ப மரியாதையாக் கேட்டாரு: "புள்ளி பெருசா வேணுமுங்களா, சின்னதாப் போதுமுங்களா மாஸ்டர்?"

ஜனவரி

பெருசாத்தான் வாங்கினேன். பேனா எடுத்து இடது ஓரக் கோட்டத் தடியா வரைஞ்சு, இதுதான் உங்க மொகத்துப் பக்கம் இருக்கற தடிக் கம்பின்னு எழுதினேன். அது பூ மண்டிக்காரரு கத்துக் குடுத்த பாடம். கீழ பெருசா, சுருதி சேர்க்காம இதப் பார்க்காதீங்கன்னு எழுதினேன். அது மில்லுக்கார அம்மணி பாடம். ஊதி சுருதி பார்க்கற என் சின்னக் குழலையும் கையில குடுத்தேன். டிசம்பர்ல ரெண்டு கிளாஸ் வந்தாங்க. ரெண்டுலயும் கார்ட் மறக்கல. ஆனா கண்ணக் காகிதத்துல இருந்து எடுக்கவே இல்லீங்க, எனக்கு உள்ளுக்குள்ள கொதிச்சுது. ஆனாலும் தாளத்த மட்டும் தட்டிட்டு இருந்தேன்.

ஜனவரி ரெண்டாவது ஞாயிறு வந்தாங்க. என்னாச்சுன்னு கேக்கறதுக்கு முன்னால என் புத்தி பாருங்க, காகிதத்தப் பார்த்தா வாசிச்சீங்கன்னு கேட்டுட்டேன். ஆமாங்க, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பார்த்துத்தானுங்க வாசிச்சேன்னாங்க. லைன் பொம்பளைக அத்தனை பேரும் பாடினாங்களாம். கேசட் போடவே இல்லையாம். நான் எங்க பார்த்து வாசிச்சேன்னு ஒருத்தருங்கூடக் கேக்கலீங்கன்னாங்க. எனக்குச் சந்தோசமாவும் இருந்துச்சு, ஓங்கி அறை வாங்கின மாதிரியும் இருந்துச்சு. அவங்க பையில இருந்து அந்தக் காகிதத்த எடுத்தாங்க. மடிப்பு மடிப்பா நைஞ்சு போயிருந்துச்சு. அத என் மேசை மேல வெச்சுட்டுக் கிதார மடியில எடுத்துக்கிட்டாங்க: "கிறிஸ்துமஸ் நல்லபடியா முடிஞ்சுபோச்சுங்க மாஸ்டர், இனி அவசரமில்லீங்க. இப்பக் கேட்டுப் பழகறதுக்குச் சொல்லிக் குடுங்க."

அந்தக் காகிதம் இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியிலதானுங்க இருக்குது, புதுசா யார் சேர்ந்தாலும் அதக் காட்டி இந்தக் கருமத்தப் பார்க்கவே படாதுன்னு தொண்டை கிழியக் கத்திட்டு, போறப்ப சண்முகத்துக்கிட்ட ஒரு காப்பி எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லி அனுப்பறேன்.